எண்ணெயில் பார்த்த முகம்

கதவுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள் நர்ஸம்மா. நன்றாக உட்காருங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உள்ளே இருப்பது என் தங்கச்சி. இந்த வீடு நான் கட்டியது. அந்தக் கதவு நான் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டது. அதைத் திறந்துகொண்டு நான் உள்ளே போகக் கூடாது என்றால் எப்படி?

சரி, போகக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லை. "கொஞ்ச நேரம் அவங்க ரெண்டு பேரும் தனியா இருக்கட்டும் அண்ணாச்சி" என்றுதான் சொன்னீர்கள். மரியாதையாகத்தான் சொன்னீர்கள். இரண்டும் ஒன்றுதானே?

குழந்தை அழுகிறது, கேட்கிறதா? இப்படி அழுதால் சொர்ணம் போய்த் தூக்கிவிடுவாள். சொர்ணம் என் வீட்டுக்காரி. அவள்தான் உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும், எனக்குத் தெரியும். அடுப்படியில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்து கீரை ஆய்கிறாள் பாருங்கள். ஒரு கட்டுக் கீரையைக் காலையிலிருந்து ஆய்கிறாள். இருக்கட்டும், பொம்பளைகள் விஷயம் என்று நானும் பேசாமல் இருக்கிறேன்.

ஆனால் குழந்தையைத் துணியில்லாமல் அவள் வெறும் நெஞ்சின் மேல் போட்டுப் போர்த்திவிட்டு வந்தீர்களாமே. அவளுக்கு அது பழக்கமில்லை நர்ஸம்மா. அவள் அந்தக் குழந்தையைத் தொட்டே ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. திடீரென்று கொண்டுபோய் அப்படிப் போட்டால் பயந்துவிட மாட்டாளா?

நீங்கள் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். எங்கள் சங்கதி உங்களுக்குத் தெரியாது. இன்றைக்கு மாப்பிள்ளை வருகிறார், பூரணத்தின் புருஷன். போன தடவை வந்தபோது சொல்லிவிட்டுப் போய்விட்டார்: "அடுத்த லீவுக்கு வருவேன் மச்சான். ரெண்டு பேரும் வந்தா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன். அவ வரலைன்னா பிள்ளைய மட்டும் எங்கம்மாகிட்டக் கொண்டுபோயிருவேன்." அந்த அடுத்த லீவு இன்றைக்குத்தான். இப்போது எந்த நேரமும் வந்துவிடுவார். அதற்குள் உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். நடந்ததைச் சொன்னால்தான் நான் கேட்பது உங்களுக்கு நியாயமாகப் படும். சொல்லட்டுமா?

என் பெயர் சீனிராஜ். பஜாரில் காயில் கடை சீனிராஜ் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும். கிணற்று மோட்டார், கிரைண்டர், எது எரிந்துபோனாலும் என்னிடம்தான் வரும். உள்ளே இருக்கிற பழைய காயில் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பேன். எனக்கும் பூரணத்துக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். அவளைப் பெற்றுப்போட்ட ஈரம் காய்வதற்குள் எங்கள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா அதோடு பாதி ஆளாகிவிட்டார். ஆக, அவளுக்குப் பால் புட்டி கழுவியது நான். பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நான். காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தது நான். அம்மா இல்லாமல் அவள் வளரவில்லையா? நன்றாகத்தானே வளர்ந்தாள்? அதனால்தான் சொல்கிறேன், தாய் தாய் என்று நீங்கள் எல்லோரும் ரொம்பப் பெரிதுபடுத்துகிறீர்கள்.

ஊரில் வாய் இருக்கிறது, பேசும். தாயை முழுங்கினவள் என்பார்கள். நான் அதையே எடுத்துக் கொஞ்சலாக்கிவிட்டேன். சாப்பிட அடம் பிடித்தால், "அம்மாவ முழுங்குனவளுக்கு இந்த ஒரு வாய்ச் சோத்த முழுங்க முடியலையாக்கும்?" என்பேன். உடனே வாயைத் திறந்துவிடுவாள். அவ்வளவு நல்ல பிள்ளை.

கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது, முப்பதைத் தாண்டி. வந்த வரனில் எல்லாம் ஏதாவது ஒரு கோளாறு. ஒருத்தன் ஊர் தூரம். ஒருத்தனுக்கு அம்மா வாயாடி. ஒருத்தன் நிற்கிற நிற்பே எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாமென்றேன். பூரணமும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் அவளுக்கும் சம்மதம் என்று அர்த்தம். கடைசியில் சொர்ணம்தான் ஒரு நாள் தட்டை டங்கென்று வைத்துவிட்டுக் கேட்டாள்: "உங்க தங்கச்சிக்கு மாப்பிள்ள பாக்கீகளா, இல்ல மாப்பிள்ளைகளுக்குக் குத்தம் பாக்கீகளா?" அதற்கப்புறம் வந்தவர்தான் வேலாயுதம். ராஜபாளையம் பக்கம் மில்லில் வேலை. தங்கமான மனுஷர். பேச்சுதான் கொஞ்சம் கம்மி.

முதல் பிரசவம் பிறந்த வீட்டில் பார்ப்பது வழக்கம். வளைகாப்புப் போட்டு இங்கே கூட்டி வந்தேன். நடந்து வந்தவள் நன்றாகத்தான் வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். வெளியே நாங்கள் நிற்கிறோம். ஆயா ஒருத்தி கதவைத் திறந்து தலையை நீட்டி, "பொம்பளப் பிள்ள. கொடி சுத்தி மாலை போட்டுப் பொறந்திருக்கு. இதுல தாய்மாமன் யாரு?" என்றாள். நான்தான் என்று கையைத் தூக்கினேன், பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி. "ஐயையோ, திரும்பி நில்லுங்கய்யா, பிள்ளையக் கொண்டுவாறேன்" என்றாள். திரும்பி நின்றேன். சுவரில் தடுப்பூசிப் படம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குப் பின்னால் எல்லோரும் குழந்தையைக் கொஞ்சுகிறார்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் இது உண்டா? கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது. மாமன் அதன் முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. நாள் குறித்து, கோயிலில் வைத்து, கிண்ணத்து எண்ணெயில் தெரிகிற முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் நேராகப் பார்க்கலாம், தோஷம் கழிந்துவிடும்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது நர்ஸம்மா. கரண்டோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு என்ன நம்பிக்கை? தொட்டால் அடிக்கும், தொடாவிட்டால் அடிக்காது, அவ்வளவுதான். ஆனால் பூரணம் நம்பினாள். அவள் மனசுக்காகத்தான் ஒத்துக்கொண்டேன்.

குழந்தை பக்கத்திலேயே கிடந்ததால் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் நான் வார்டுக்குள் போகவில்லை. மாடிப்படியில் பிளாஸ்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சொர்ணம் வந்து வந்து சொல்வாள்: "பிள்ளையக் கீழ விடமாட்டேங்கா. மோந்து மோந்து பாக்கா. தூங்குற பிள்ளைய எழுப்பி வச்சுப் பேசிக்கிட்டிருக்கா. காலு உங்க அப்பா காலாம், நெத்தி அவரு நெத்தியாம்." கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கிடந்து உருண்டது. என்னடா இது, பொறாமையா என்று என்னை நானே கேட்டேன். பச்சைப் பிள்ளை மேல் எவனாவது பொறாமைப்படுவானா? நன்றாக யோசித்துப் பார்த்தேன். இல்லை, பசி. அந்த வாரம் எனக்குச் சாப்பாடு சரியில்லை.

அழுகை குறைந்த மாதிரி இருக்கிறதே. போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரட்டுமா? வேண்டாமா? சரி, சரி. உட்காருகிறேன்.

வீட்டுக்கு வந்தபோது பின்கட்டைக் காலி செய்து கொடுத்தேன். தாயும் பிள்ளையும் அங்கே, நான் முன்கட்டில். கோயில் நாள் வரைக்கும் அப்படி. நான் கடையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொன்னேன். பின்கட்டு வரைக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னேன். "வேண்டாம்ணே, தரையில படுத்தா ஒனக்கு முதுகு பிடிச்சுக்கிடும்" என்று அங்கிருந்தே பதில் வந்தது. அப்படிப்பட்ட தங்கச்சி.

கோயிலுக்கு நாள் குறித்துக் கொடுத்த ஜோசியர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பிள்ளையைத் தொட்டவர்கள் தலைக்கு ஊற்றாமல் மாமன் முன்னால் வரக் கூடாது. அதற்கென்ன, அவள் பின்கட்டிலேயே இருக்கட்டும், யார் வரச் சொன்னது? நான் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், எனக்கு ஒரு பழக்கம். பூரணம் சோறு போட்டால்தான் எனக்கு இறங்கும். சொர்ணம் போட்டால் இறங்காது என்றில்லை. இறங்கும், ஆனால் இறங்காது. உங்களுக்குப் புரிகிறதா? முதல் நாள் பாதியில் கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். எவளோ போய்ப் பின்கட்டில் சொல்லிவிட்டாள். எவளோ என்ன, சொர்ணம்தான். மறுநாள் மத்தியானம் பார்க்கிறேன், தலைமுடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பூரணம் கரண்டியோடு நிற்கிறாள். "உக்காருண்ணே" என்கிறாள். என் கண் கலங்கிவிட்டது. ரெண்டு கைப்பிடிச் சோறு கூடவே சாப்பிட்டேன்.

மத்தியானம் ஒரு தடவை, ராச்சாப்பாட்டுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் தலைக்கு ஊற்றிக்கொண்டு வருவாள். சொர்ணத்துக்குப் பொறுக்குமா? "கோயில் யானகூட ஒரு நாளைக்கு ஒரு தடவதான் முழுகும்" என்பாள். "பிள்ள அங்க பாலுக்குக் கத்துது, இவ இங்க அப்பளம் பொரிக்கா" என்பாள். நான் பூரணத்திடம் சொன்னேன், "நீ போத்தா, பிள்ளையப் பாரு" என்று. "நீ சாப்பிட்டு முடிண்ணே" என்பாள். நானும் சீக்கிரமாகத்தான் சாப்பிடுவேன்.

பத்து நாள் போயிருக்கும். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. ஜுரம், தூக்கித் தூக்கிப் போடுகிறது. டாக்டரம்மா கத்துகிறாள், "இந்த ஒடம்போட தலைக்கு ஊத்தச் சொன்னது யாரு?" சொர்ணம் என்னைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அவள் என்னைத்தான் பார்ப்பாள். ஜோசியரை யாராவது பார்த்தார்களா? ஆஸ்பத்திரியில் இன்னும் ரெண்டு நாள் வைத்திருந்து அனுப்பியிருந்தால் தையல் காய்ந்திருக்காதா? அதை யாராவது யோசித்தார்களா?

இனிமேல் தண்ணீர் படக் கூடாது. தண்ணீர் படக் கூடாதென்றால் பிள்ளையைத் தொட்டுவிட்டு முன்னால் வர முடியாது. ஒன்று பின்கட்டு, இல்லை முன்கட்டு. ஜுரக்காரியைப் பின்கட்டுப் புழுக்கத்தில் போடலாமா? இந்த அறையில் பேன் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, நான் கூப்பிட்ட குரலுக்கு இருக்கிறேன். அவளை இங்கே கொண்டுவந்து படுக்க வைத்தோம். குழந்தை சொர்ணத்தோடு பின்கட்டில் இருந்தது. முன்னால் வருவதென்றால் அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வருவாள், அவளுக்கென்ன தையலா போட்டிருக்கிறது? நான் கட்டாயப்படுத்தவில்லை. "இங்க படுத்துக்கிடுறியாத்தா?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பாலுக்கு ஒன்றும் குறையில்லை. பீச்சி டம்ளரில் கொடுத்தனுப்புவாள், சொர்ணம் சங்கில் ஊட்டுவாள். முதலில் டம்ளர் நிறைய வந்தது. அப்புறம் பாதி. அப்புறம் அடியில் கொஞ்சம். அப்புறம் சொர்ணம் டம்ளரை எடுத்துக்கொண்டு வருவதையே விட்டுவிட்டாள். நான் உடனே டப்பாப் பால் வாங்கிக் கொடுத்தேன், இருக்கிறதிலேயே உசத்தி.

டம்ளர் நிறைய வந்துகொண்டிருந்த சமயத்தில் ஒரு நாள் கடையிலிருந்து வந்தேன். பூரணம் பின்பக்கத்துச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பக்கம் குழந்தை அழுகிறது. இவள் சேலை முன்பக்கமெல்லாம் நனைந்து கிடந்தது, தண்ணீர் குடிக்கும்போது சிந்திவிட்டாள் போல. "சாப்பிட்டியாத்தா?" என்றேன். "சாப்பிட்டேண்ணே" என்று வந்து படுத்துக்கொண்டாள். அவளை யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லையா என்று உள்ளே வரும்போது சொர்ணத்திடம் விசாரித்தீர்களே, கேட்காமலா? தினமும் கேட்பேன், சாப்பிட்டியா என்று.

கோயிலுக்குப் போன நாளைச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு அம்மன் கோயில்தான். வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி எனக்கு முன்னால் வைத்தார்கள். பூரணம் எனக்குப் பின்னால் நின்று பிள்ளையை என் தோளுக்கு மேலே நீட்டிப் பிடிக்க வேண்டும். பூசாரி, "எண்ணெயத் தவிர வேற எங்கயும் பாக்காதப்பா" என்கிறார். பார்த்தேன். முதலில் என் முகம்தான் தெரிந்தது. அப்புறம் என் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. இத்தனூண்டு முகம். ஆடி ஆடி நின்றது. எங்கள் அம்மாவுக்கு போட்டோ கிடையாது நர்ஸம்மா. இருந்திருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும். நான் தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன்.

அழுதவன் அந்த எண்ணெயில் இன்னொரு முகத்தையும் பார்த்தேன், பூரணத்தின் முகம். கையில் பிள்ளை இருக்கிறது, எத்தனை நாள் கழித்துத் தூக்குகிறாள். ஆனால் பிள்ளையைப் பார்க்கவில்லை. குனிந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஒனக்கு ஒண்ணும் செய்யலையேண்ணே? தல சுத்துதா? நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஊர் உலகத்தில் எந்தத் தங்கச்சி அப்படிக் கேட்பாள்?

குழந்தை வீரிட்டு அழுதது. பூரணம் தட்டிக் கொடுத்தாள், ஆட்டினாள். அடங்கவில்லை. கைமாற்றிச் சொர்ணத்திடம் கொடுத்ததும் கப்பென்று நின்றுவிட்டது. சொர்ணம், "எங்கிட்டயே கெடந்த பிள்ளதான, ரெண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொன்னாள். பூரணம் வெறுங்கையோடு நின்றுகொண்டு, "அதுக்கு என்னயத் தெரியல மதினி" என்றாள். அது என்றாள். அன்றிலிருந்து அவள் வாயில் குழந்தை அதுதான்.

இருந்தாலும் சரியாகியிருக்கும். பிள்ளையை இந்த அறைக்கே கொண்டுவந்தாயிற்று. மடியில் போட்டுக்கொள்வாள், எடுத்துவிடுவாள், திரும்பப் போட்டுக்கொள்வாள். கோயிலுக்குப் போய் வந்த அடுத்த வாரம் என் கடையில் ஒரு மோட்டார் மேஜையிலிருந்து சரிந்து என் கால் மேல் விழுந்துவிட்டது. ஐந்து குதிரைச் சக்தி மோட்டார். கால் விரல் எலும்பு நொறுங்கிப்போயிற்று. மோட்டார் விழுவதென்றால் விழும்தான். ஓரத்தில் வைத்தது நான். மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். வாசலில் பூரணம் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், முகத்தில் ரத்தமில்லை. அவள் பயந்துவிடக் கூடாதே என்று நான் சிரித்தேன். அவ்வளவு வலியிலும் சிரித்தேன். "என்னத்தா, ஒம் மக மாமனப் பாத்த மொதப் பார்வையே இப்படியா? இன்னும் ரெண்டு தடவ பாத்தா என்ன ஆவேன்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தூக்கி வந்த பையன்கள்கூடச் சிரித்தார்கள்.

பூரணம் அப்படியே குனிந்து குழந்தையைத் தரையில் வைத்தாள். வெறும் தரையில். வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

விளையாட்டுக்குச் சொன்னது என்று அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து நான் அப்படித்தானே பேசுவேன்?

அதற்கப்புறம் தொடவில்லை. குழந்தை அழுதால் காதைப் பொத்திக்கொள்வாள். "மதினி, அத அங்குட்டுக் கொண்டுபோங்க" என்பாள். என் காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கட்டு அவிழ்க்கும் வரைக்கும் எனக்கு ஒரு வேலை வைக்கவில்லை. சோறு, வெந்நீர், மாத்திரை, எல்லாம் அவள்தான். அதில் குறை சொல்லக் கூடாது, நன்றாகவே பார்த்தாள். சொர்ணம் ஒரு நாள் எரிந்து விழுந்தாள்: "பெத்த பிள்ளையப் பாக்காம அண்ணன் காலப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நீங்களும் நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீக." கால் உடைந்தவன் நீட்டாமல் மடக்கவா முடியும்?

நான் யோசிக்காமல் இல்லை நர்ஸம்மா. கடையில் கம்பி சுற்றும்போதெல்லாம் இதே யோசனைதான். எங்கே பிசகியது? தேதி தள்ளிக் குறித்த ஜோசியரா? டப்பாப் பாலா? சொர்ணம் பிள்ளையைத் தன்னிடமே பழக்கிக்கொண்டதா? மாப்பிள்ளை அடிக்கடி வந்து பார்த்திருந்தால் ஆகியிருக்குமா? ஒருவேளை... இல்லை, அது இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன், எங்கே எரிந்தது என்று பிடிபடவில்லை.

இப்போது நான் கேட்க வந்த உதவிக்கு வருகிறேன். மாப்பிள்ளை வந்ததும் நீங்கள் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தாய்க்கு இன்னும் உடம்பு தேறவில்லை, பிரயாணம் கூடாது என்று. நீங்கள் சொன்னால் கேட்பார். பிள்ளை வேண்டுமானால் போகட்டும். அங்கே அவர் அம்மா இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள். பூரணம் என்னோடு இருக்கட்டும். கொஞ்ச நாள். தேறுகிற வரைக்கும். பிள்ளை கண்ணில் படாமல் இருந்தாலே பாதி தேறிவிடுவாள். அவளிடம் கேட்டேனா? கேட்டேன். "பிள்ளை போகட்டும், நீ இருந்துக்கிடுத்தா, என்ன?" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால்... அதைத்தான் முதலிலேயே உங்களிடம் சொன்னேனே.

ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? ஆமாமென்றா, இல்லையென்றா?

இருங்கள். சத்தம் நின்றுவிட்டது. சுத்தமாக நின்றுவிட்டது. இவ்வளவு நேரம் கத்திய குழந்தை ஏன் நின்றது? எனக்குப் பயமாக இருக்கிறது நர்ஸம்மா. நான் சொல்ல நினைத்தது... வேண்டாம், வாயால் சொல்ல வேண்டாம். அவள் நிதானத்தில் இல்லை. கதவைத் திறங்கள்.

என்ன, கேளுங்கள் என்கிறீர்களா? என்னத்தைக் கேட்பது?

பேசுகிறாள். பூரணம் பேசுகிறாள். யாரோடு பேசுகிறாள்? என்ன சொல்கிறாள், உங்களுக்குக் கேட்கிறதா? நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்குக் கேட்கும். எனக்கு முணுமுணுப்பாகத்தான் வருகிறது. என் பேரைச் சொன்னாளா? அண்ணே என்று ஏதும் சொன்னாளா?

சொர்ணம், நீ எதற்கு வந்து நிற்கிறாய்? உள்ளே போ. இல்லை, இங்கேயே நில். கேள்.

அழுகிறது. மறுபடியும். இல்லை, இது குழந்தை இல்லை. இது பூரணம்.

விடுங்கள் நர்ஸம்மா. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. அப்பா செத்தன்றைக்குக்கூட அழவில்லை. நான்தான் "அண்ணன் இருக்கேன்ல, நீ எதுக்கு அழுற?" என்று சொல்லியிருந்தேன். ஒரு சொட்டு விடவில்லை. இப்போது இப்படி வாய்விட்டு அழுகிறாள். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அவளுக்கு நான் வேண்டும். என் கையை எதற்கு நீ பிடிக்கிறாய் சொர்ணம்? விடு. என்ன பிடி இது.

ஆட்டோ வந்துவிட்டது. மாப்பிள்ளைதான்.

வாருங்கள் மாப்பிள்ளை, வாருங்கள். இவர்கள் புதிதாக வந்திருக்கிற நர்ஸம்மா. உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமாம். சொல்லுங்கள் நர்ஸம்மா. தாய்க்குப் பிரயாணம்... சொல்லுங்கள். வாயைத் திறந்து சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

கதவு திறக்கிறது.

பூரணம். என்னத்தா இது, தலைகூடச் சீவாமல்? கண்ணெல்லாம் வீங்கி. பிள்ளையை அப்படியா பிடிப்பது, கழுத்துக்குக் கை கொடு. கொடுத்திருக்கிறாய், சரி. இந்தா, சொர்ணத்திடம் கொடு. மாப்பிள்ளை வந்திருக்கிறார், பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு நீ போய்ப் படு.

என்ன சொன்னாய்? மாப்பிள்ளை, இவள் உங்களிடம் என்ன சொன்னாள்? போவோமா என்றா கேட்டாள்? எங்கே போவது? சாப்பிட்டுவிட்டாவது... கீரை அடுப்பில் ஏறவில்லை இன்னும். சொர்ணம், இந்தப் பை எங்கிருந்து வந்தது? எப்போது கட்டினாய் இதை? நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து... பூரணம், நான் உன் அண்ணன், என்னைப் பார்த்துச் சொல். என்னைப் பார்.

"வழிய விடுண்ணே" என்கிறாள்.

விட்டேன். விட்டுவிட்டேன். இதோ சுவரோடு ஒட்டி நிற்கிறேன், போங்கள். நான் மறிக்கவா செய்தேன்? பிள்ளையை ஒரு தடவை காட்டிவிட்டுப் போ. மாமனிடம் ஒரு தடவை...

பார்த்தீர்களா நர்ஸம்மா? நீங்கள் பார்த்தீர்களா இல்லையா? என்னைத் தாண்டும்போது முந்தானையை இழுத்துப் பிள்ளை முகத்தை மூடினாளே, பார்த்தீர்களா? தலையோடு சேர்த்து நெஞ்சுக்குள் அமுக்கிக்கொண்டு, என் பக்கம் தெரியாமல் உடம்பையே திருப்பிக்கொண்டு போனாளே.

அதுதான் என் தங்கச்சி. எண்ணெயில் பார்த்தாயிற்று, தோஷம் கழிந்துவிட்டது, இனி எத்தனை தடவை பார்த்தாலும் ஒன்றுமில்லை என்று ஜோசியரே சொல்லிவிட்டார். ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை பாருங்கள். போகிற போக்கிலும் எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று மூடிக்கொண்டு போகிறாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் விலக்கவில்லை. தெரு திரும்பும் வரைக்கும் பார்த்தேன். எனக்காகத்தான்.

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? சொர்ணம், நீயும் ஏன் பார்க்கிறாய்? வெயிலுக்கு மூடியிருப்பாள் என்றால், வெயில் எங்கே இருக்கிறது, மேகம் போட்டிருக்கிறது. காற்றும் இல்லை, தூசியும் இல்லை.

எனக்காகத்தான் மூடினாள். வேறு யாருக்காக மூடப்போகிறாள்?